காலை எடுத்தால் கண் திறக்கும் வண்டி

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி திருச்சியிலிருந்து காரைக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டை தாண்டியாயிற்று, திருமயம் வரவில்லை. வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்றை முந்துவதற்காக ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தேன். லாரியைத் தாண்டும்போதே முன்னால் விழுந்துகொண்டிருந்த வெளிச்சம் கிட்டே கிட்டே வந்து, வண்டியின் மூக்கடியில் ஒடுங்கி, அப்புறம் இல்லவே இல்லை. பல்பு போகவில்லை. ஹெட்லைட் இரண்டும் இமை மூடுகிற மாதிரி உள்ளே இறங்கிவிட்டன. பதறி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். இடது விளக்கு முதலில் எழும்பியது, ஒரு மூச்சு விட்டு வலது விளக்கு.

வண்டி லோட்டஸ் ஈலான், இங்கிலாந்துக்கார ஸ்போர்ட்ஸ் கார். 1962-ல் வெளிவந்த மாடல். 1558 சிசி இன்ஜின், ஃபைபர் பாடி, நடுவே முதுகெலும்பு மாதிரி ஒரு எஃகுத் தகட்டு சேஸ், மொத்த எடை 700 கிலோவுக்குள்தான். அம்மான் சீமையில் படிக்கப் போனபோது வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தது. கால் மூட்டு மடங்காமல் போனதும் சாவியை என் கையில் கொடுத்து, "இதுக்கு மூச்சு முக்கியம்டா, மூச்சைப் பாத்துக்க" என்றார். அன்றைக்கு அதை இன்ஜின் பற்றிச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இந்த வண்டியில் ஹெட்லைட் வேண்டும்போது மேலே எழும்பும், வேண்டாதபோது உள்ளே இறங்கிக்கொள்ளும். அதைத் தூக்குவதற்கு மோட்டார் கிடையாது. வேக்குவம்தான், அதாவது காற்று குறைந்த வெற்றிடம். பெட்ரோல் இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும், பிஸ்டன்கள் காற்றை இழுத்தபடியே இருக்கும், காற்று வர வழி இருக்காது. அதனால் இன்ஜினுக்குள் காற்று போகும் வழியான இன்டேக் மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இறங்கிவிடும். அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் எடுத்து, உள்ளே டயாஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வு வைத்த ஒரு டப்பாவுக்குக் கொடுத்தால் போதும். வேக்குவம் விளக்கை இழுக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம், உண்மையில் டயாஃப்ரத்தின் மறுபக்கத்தில் இருக்கும் நம் ஊர்க் காற்றுதான் தள்ளுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. டயாஃப்ரம் உள்ளங்கை அளவு, 60 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசமே 40 கிலோ வருகிறது. ஒரு விளக்கைத் தூக்க இது தாராளம்.

சிக்கல் எங்கே என்றால், முழுக்க மிதித்தால் அந்தக் கதவு திறந்துவிடும், மேனிஃபோல்டில் வேக்குவம் ஏறக்குறைய சுத்தமாகப் போய்விடும். அதனால் ஒரு ஒன்வே வால்வு போட்டு, முன்கூட்டியே வேக்குவத்தைச் சேர்த்துவைக்க ஒரு தொட்டியும் வேண்டும். ஈலானில் அந்தத் தொட்டி எது தெரியுமா? சேஸின் முன்பக்கக் குறுக்குச் சட்டமே! உள்ளே கூடாக இருக்கும் எஃகுச் சட்டத்தை அடைத்து அதையே காற்றுத் தொட்டியாக்கியிருக்கிறார்கள். தனி டப்பா வேண்டாம், கூடுதல் எடை இல்லை. எடையைக் கிராம் கிராமாகக் குறைக்கப் பார்த்தவர்களின் யோசனை இது, எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கும்.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பத்தா ஆச்சரியப்படவே இல்லை. ஐயா வைத்திருந்த அந்தக் காலத்து அமெரிக்க வண்டியில் வைப்பர் இப்படித்தான் வேக்குவத்தில் ஓடியதாம். மழையில் வேகமாகப் போனால் வைப்பர் நின்றுவிடும், வேகத்தைக் குறைத்தால் படபடவென்று அடிக்கும். "கண்ணு தெரியணும்னா ஐயா கால எடுப்பாக" என்றார்.

சரி, என் வண்டிக்கு வருகிறேன். அந்த ராத்திரிக்கு இரண்டு மாதம் முன்னாலிருந்தே ஐடிலிங் சரியில்லை, ஒரு சிலிண்டர் நொண்டியது. நானும் மெக்கானிக்கும் கார்புரேட்டரைத்தான் திருகிக்கொண்டிருந்தோம். விளக்கு இறங்கிய பிறகுதான் இரண்டும் ஒரே வியாதி என்று புரிந்தது. எங்கேயோ ஓட்டை. அது வழியாக வரும் காற்று, வேக்குவம் எடுக்கும் அந்த ஒரு சிலிண்டருக்குள் கூடுதலாகப் போய்க் கலவையை நீர்த்துப்போகச் செய்கிறது.

எங்கள் பக்கத்து வெயிலுக்கு ரப்பர் தாங்காது. கத்திரியில் கொட்டகைக்குள் நிறுத்தினாலே ஹோஸ் விறைத்து, வளையும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் வெடித்துவிடும். அதனால் முதலில் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றினேன். ராத்திரி இன்ஜினை அணைத்துவிட்டுக் காலையில் விளக்கைத் தூக்கும் குமிழை இழுத்துப் பார்த்தேன். தொட்டியில் வேக்குவம் நின்றிருந்தால், இன்ஜின் ஓடாமலே விளக்கு ஒரு தடவையாவது எழும்ப வேண்டும். அசையவில்லை. அப்புறம் ஒவ்வொரு கிளையாகக் கழற்றி, வாயை அடைத்து, கைப்பம்பில் வேக்குவம் கொடுத்து முள் இறங்குகிறதா என்று பார்த்தேன். டயாஃப்ரம் இரண்டும் நின்றன. குமிழின் வால்வும் நின்றது. மிச்சம் இருந்தது சட்டம்தான்.

ஓட்டை காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்வரை சோப்புத் தண்ணீர் எதையும் காட்டாது. அதனால் திருப்பிச் செய்தோம். சட்டத்தை மட்டும் தனியாக்கி, சைக்கிள் பம்பால் இரண்டே அடி, ரொம்ப மெதுவாக. டயாஃப்ரம் இணைப்பில் இருக்கும்போது இதை யாரும் செய்துவிடாதீர்கள், கிழிந்துவிடும். பிரஷ்ஷால் சோப்பு நுரையைத் தடவியதும், குழாய் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் குமிழிகள் பொங்கின. சுரண்டினால் பெயின்டுக்கு அடியில் துரு. ஊசியால் குத்தினால் உள்ளே போகிறது.

இந்த இடத்தில் மெக்கானிக் சொன்னது: "அண்ணே, எதுக்கு இந்தத் தொல்ல? ஆளுக்கொரு சின்ன மோட்டார் வச்சு வேக்குவத்தயே தூக்கிருவோம்ணே." தப்பான யோசனை என்று சொல்ல முடியாது. 1989-ல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 ஈலானைப் பார்த்து வந்த வண்டிதான், அதில் விளக்கைத் தூக்குவது மின்மோட்டார். இன்னொரு வழி, ஹார்டுவேர் கடையில் நாலு இன்ச் பிவிசி பைப் ஒரு முழம் வாங்கி, இரண்டு பக்கமும் மூடி ஒட்டி அதைத் தொட்டியாக்குவது. இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே வேலை செய்யும்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தச் சட்டம் வெறும் காற்றுத் தொட்டி இல்லை, முன்சக்கரங்களின் சஸ்பென்ஷனே அதன் இரண்டு முனையிலும்தான் நிற்கிறது. விளக்கு இறங்கியிருக்காவிட்டால் அந்தத் துருவை நான் பார்த்தே இருக்க மாட்டேன். அது பாட்டுக்குத் தின்றுகொண்டே போயிருக்கும், ஒருநாள் முன்சக்கரத்தோடு சேர்ந்து வந்திருக்கும். மோட்டார் வைத்திருந்தால் விளக்கு ஒழுங்காக எரிந்திருக்கும், சட்டம் செத்திருக்கும்.

ஃபைபர் பாடிக்குப் பக்கத்தில் வெல்டிங் வைப்பது ஆபத்து என்பதால் பெட்ரோல் டேங்க்கை இறக்கி, பாடியைத் தனியாகக் கழற்றினோம். தெருக்காரர்கள் ஆறு பேர், பல்லக்கு தூக்குகிற மாதிரி தூக்கிக் கொட்டகையில் பழைய அரிசி மூட்டைகளின் மேல் வைத்தார்கள். துரு பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்து, மறுபடி பம்பு, மறுபடி சோப்பு. ஒரு குமிழி இல்லை.

ஒன்றை மட்டும் மாற்றப் போகிறேன். என் வண்டியில் வேக்குவம் தூக்குகிறது, ஸ்பிரிங் இறக்குகிறது. அதனால் வேக்குவம் போனால் இருட்டு. பிந்திய ஈலான்களில் கம்பெனியே இதைத் தலைகீழாக்கியது: ஸ்பிரிங் தூக்கும், வேக்குவம் இறக்கி வைக்கும், ஓட்டை விழுந்தால் விளக்கு தானாக மேலே வந்து நிற்கும். அதுதான் சரி. திருமயம் ரோட்டில் அந்த இருட்டைப் பார்த்தபின் இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஸ்பிரிங்குக்குச் சொல்லியிருக்கிறேன், அது வரும்வரை ராத்திரிப் பயணம் இல்லை.

நேற்று அம்மான் வந்திருந்தார். வண்டியை முந்தினநாள் சாயங்காலம் அணைத்தது. கைத்தடியை முகப்புத் தூணில் சாய்த்துவிட்டுக் கதவைத் திறந்து குமிழை அவரே இழுத்தார். இடது விளக்கு முதலில் எழும்பியது. வலது விளக்கு வரும்வரை அவர் மூச்சு விடவில்லை.