ஐப்பசி மழையில் சீட்டு மேசை

நவம்பர் 4, செவ்வாய், குன்னூர்

மழை விடவில்லை. பிரசவத்துக்காகக் கோயம்புத்தூரில் இருக்கும் பாப்பாவுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை.

நவம்பர் 5, புதன்

வாத்தியார் வீட்டில் போக்கர். வழக்கம்போல் சில்லுகள் மட்டும்தான், காசு கிடையாது. புதிதாக வரும் தம்பி இன்றும் போனை மேசைமேல் மல்லாக்க வைத்தான். எடுத்து வையப்பா என்றால், "அணைத்துத்தானே சார் வைத்திருக்கிறேன்" என்கிறான்.

அணைந்த திரை ஒரு கறுப்புக் கண்ணாடி என்பது அவனுக்குப் புரியவில்லை. ராணுவக்காரர் சீட்டுப் போடும்போது எதிர் வரிசைக்குப் போன சீட்டெல்லாம் அந்தப் போனுக்கு மேலாகத்தான் போயிற்று. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே, ஒரு நொடி, டைமன் ராணியின் சிவப்பு அதில் தெரிந்து மறைந்தது. மோதிரத்திலும் சிகரெட் பெட்டியிலும் துண்டுக் கண்ணாடி ஒளித்துவைத்துச் சீட்டுப் போட்ட மோசடிக்காரர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். தம்பி அப்படிப்பட்டவன் அல்ல, நல்ல பையன். ஆனால் அவன் நேர்மையானவனா என்று மற்ற நால்வரும் யோசிக்கும்படி வைப்பதே தவறு. அடுத்த கையில், அதாவது அடுத்த சுற்றில், என்னால் ஒழுங்காக ஆட முடியவில்லை.

நவம்பர் 6, வியாழன்

அம்மா ஓயாமல் கேட்கிறாள்: கோயம்புத்தூரிலிருந்து போன் வந்ததா, வந்ததா. வந்தால் சொல்ல மாட்டேனா?

நவம்பர் 8, சனி

தூக்கம் இல்லை. மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டும். அந்த வழியும் அடைபட்டால்? இதை நினைக்காமல் இருக்க வேண்டும் என்றுதான் சாயங்காலம் ஆட்டத்துக்குப் போனேன்.

தம்பி இதுவரை போனில் மட்டுமே ஆடியவன். 2025 ஆகஸ்டில், காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நாடாளுமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் எங்கள் மேசைக்கு வந்தான். போனில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மேசைகளில் ஆடலாம். யார் முறை, எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத் திரையே சொல்லிவிடும். வந்த சீட்டு வேண்டாமென்று கையைப் போட்டுவிட்டால் அடுத்த கை உடனே வந்துவிடும். இங்கே ஒருவர் கலைக்க வேண்டும், ஒருவர் வெட்ட வேண்டும், வாத்தியார் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். தேர்ந்த டீலர் இருக்கும் மேசையிலேயே மணிக்கு முப்பது கை ஓடினால் அதிகம். ஆளுக்கு முதலில் தரும் இரண்டு சீட்டும் ஏஸாக விழுவது சராசரியாக 221 கைகளுக்கு ஒரு முறைதான். ஆகவே பெரும்பாலான நேரம் சீட்டைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் தம்பியின் கை போனுக்குப் போகிறது.

ஆட்டமே அந்த நேரத்தில்தான் இருக்கிறது என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? நல்ல சீட்டு வந்தால் ராணுவக்காரர் தேநீரைத் தொட மாட்டார். வாத்தியார் நல்ல சீட்டு இல்லாமல் பொய்க்குக் கட்டும்போது சில்லுகளை ஒருமுறை நேராக அடுக்கிவிட்டுத்தான் தள்ளுவார். கையில் சீட்டு இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்ததில் கிடைத்தவை இவை. தம்பியோ மேசை நடுவில் பொதுவான மூன்று சீட்டு திறந்தபின் நிமிர்ந்து, "யார் ஏற்றினார்கள்? எவ்வளவு?" என்று கேட்கிறான். நால்வரும் அவனுக்காக நடந்ததை மறுபடி சொல்கிறோம். சில்லை எறிந்தாலும் இவ்வளவு வலிக்காது.

பெரிய போட்டிகளில் இதற்கு விதியே உண்டு. மேசையில் உட்கார்ந்து போன் பேசக் கூடாது. சீட்டைப் போட்டுவிடாமல் கை உயிரோடு இருக்கும்போது கருவியையே தொடக் கூடாது. ஒரு கைக்கு ஒரே ஆட்டக்காரர், வேறு யாரும் யோசனை சொல்லக் கூடாது. நாளை வாத்தியாரிடம் ஒரு பழைய ரொட்டி டின் கேட்க வேண்டும். போன்களை அதில் போட்டு ஜன்னல் திண்டில் வைத்துவிடலாம்.

நவம்பர் 9, ஞாயிறு

டின் வந்தது. "நீங்களும்தானே சார் போனுக்காகக் காத்திருக்கிறீர்கள்" என்றான் தம்பி, கொஞ்சம் காரமாகவே.

காத்திருக்கிறேன். அதனால்தான் என் போனைச் சமையலறையில் வாத்தியார் வீட்டு அண்ணியிடம் கொடுத்துவிட்டு, மணி அடித்தால் கையை அப்படியே கவிழ்த்துவிட்டு எழுந்து போவேன் என்று உட்காரும் முன்பே எல்லோரிடமும் சொன்னேன். அவசரம் யாருக்கும் வரும், எழுந்து போவதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மேசையில் உட்கார்ந்துகொண்டே இல்லாமல் போவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவன் பதில் பேசவில்லை. எனக்கும் மனசு சரியில்லை.

நவம்பர் 10, திங்கள்

அண்ணி ஓடிவந்து போனை நீட்டினார். ராஜா ஜோடியைக் கவிழ்த்துவிட்டு எழுந்தேன். கடன் வேண்டுமா என்று கேட்டு யாரோ ஒரு பெண். திரும்பி வந்து உட்கார்ந்தபோது விரல் நடுங்கியது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ராணுவக்காரர் தன் முறை வந்தும் எனக்காகக் கொஞ்சம் தாமதித்தார்.

நவம்பர் 12, புதன்

போன் டின்னுக்குள். தம்பியின் காதில் ஒயர் இல்லாத இயர்போன்! வாத்தியார் எதுவும் பேசாமல் டின்னின் மூடியைத் திறந்து நீட்டினார். கழற்றிப் போட்டான். அதன்பின் ஒரு மணி நேரம் அவனுக்குச் சீட்டே வரவில்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தான். வாத்தியார் சில்லுகளை நேராக அடுக்கியபோது அவன் பார்வை அங்கே நின்றதை நானும் பார்த்தேன். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

டாக்டர் இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்கிறாராம். எதற்கு இரண்டு நாள்?

நவம்பர் 15, சனி

விடியற்காலை மாப்பிள்ளை அழைத்தார். உள்ளே அழைத்துப் போயிருக்கிறார்கள். அம்மாவுக்குத் துணையாக அண்ணி வருகிறார். மேட்டுப்பாளையம் முதல் பஸ் போகிறதா என்று கேட்டுச் சொல்லத் தம்பி ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறான். சார்ஜர், மஃப்ளர், பாப்பாவின் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்