நுவரெலியாவில் 6 சதவீதம் 6 அல்ல

செயற்கைக் கருத்தரிப்புக்காகக் கரு வளர்க்கும் லேப்பின் நடைமுறைக் கையேடுகள் பெரும்பாலும் கடல்மட்டத்துக்காக எழுதப்பட்டவை. "காபனீரொட்சைட்டு 6 சதவீதம், ஒட்சிசன் 5 சதவீதம், 37 பாகை" என்ற வரியைக் கொழும்பில் அப்படியே பின்பற்றலாம். அதே தாளை மலைக்குக் கொண்டுவந்து ஒட்டினால் சிக்கல்தான். கருவுக்குச் சதவீதம் தெரியாது. அது வளரும் திரவமான மீடியாவின் பி.எச். பெறுமானம், அதாவது அமில-கார அளவுதான் தெரியும். அதைத் தீர்மானிப்பது மீடியாவிலுள்ள பைகாபனேட்டும் காபனீரொட்சைட்டின் பகுதியமுக்கமும் (மொத்த அமுக்கத்தில் அந்த வாயுவின் பங்கு).

கணக்கு எளிது. கடல்மட்ட வளியமுக்கம் 760 மில்லிமீற்றர் இரசம். 37 பாகையில் நீராவிக்கு 47 போக மிச்சம் 713. அதில் 6 சதவீதம் ஏறத்தாழ 43. நுவரெலியா சுமார் 1,870 மீற்றர் உயரம், அங்கே வளியமுக்கம் 610 அளவில்தான். 47ஐக் கழித்து 6 சதவீதம் எடுத்தால் 34கூட இல்லை. பி.எச். 0.1 ஏறிவிடும். 7.30 என்று நினைத்த மீடியா 7.40இல் நிற்கும், அதாவது 7.2 முதல் 7.4 வரையான வரம்பின் விளிம்பில். கடல்மட்ட 43ஐ அங்கே பெற 7.6 சதவீதம் வேண்டும். கண்டி 500 மீற்றர்தான் என்பதால் 6.4 போதும். அங்கே வித்தியாசம் 0.03 அளவு, பல லேப்களில் அது கவனிக்கப்படாமலே போகும்.

இதைவிடத் தந்திரமான பொறி, கரு வைக்கும் பெட்டியான இன்கியுபேட்டரின் சென்சரில் இருக்கிறது. அகச்சிவப்புச் சென்சர் எண்ணுவது சதவீதத்தை அல்ல, ஒளிப்பாதையில் நிற்கும் மூலக்கூறுகளை. கடல்மட்டத்தில் அளவுதிருத்தப்பட்ட, அமுக்க ஈடுசெய்தல் இல்லாத சென்சர் மலையில் 6 என்று காட்டினால், உள்ளே பகுதியமுக்கம் ஏறத்தாழச் சரியாகவே இருக்கும். கனவளவுப்படி அது 7.5 பக்கம். அந்த நேரம் பார்த்து ஒருவர் கனவளவுச் சதவீதத்தைக் காட்டும் ஃபைரைட் குழாயால் சோதித்து, "மெஷின் தப்பு, 7.5 இருக்கு" என்று 6க்கு இறக்கிவிடுவார். திருத்தப் போய்க் கெடுப்பது இப்படித்தான். ஈடுசெய்யும் சென்சர் என்றால் கதை நேர்மாறு: 6 என்று வைத்தால் உண்மையிலேயே 6தான், பி.எச். ஏறும். உங்கள் பெட்டி எந்த வகை என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எப்படியானாலும் கடைசி வார்த்தை பி.எச். அளவீட்டுக்கே. பயன்படுத்தும் அதே லொட் (தயாரிப்புத் தொகுதி) மீடியாவில், புரதம் சேர்த்த பின், 1 மில்லிலீற்றரைக் குழாயில் இட்டு மூடியைத் தளர்த்தி இரவு முழுவதும் பெட்டிக்குள் வையுங்கள். உள்ளே ஈரப்பதன் இல்லாத பெட்டியென்றால் மேலே எண்ணெய் வேண்டும். காலையில் யாரும் கதவைத் திறக்கும் முன் குமிழி இல்லாமல் உறிஞ்சி, நேரே இரத்த வாயு இயந்திரத்தில் கொடுங்கள். இயந்திரம் வேறு மாடியில் இருந்தால் அந்த எண்ணை நம்பவே வேண்டாம். நடந்து போவதற்குள் வாயு வெளியேறி பி.எச். ஏறிவிடும்.

மேசைமேல் வைக்கும் சிறிய பெட்டிகளில் பல கலந்த வாயுச் சிலிண்டரில் ஓடுபவை: 6, 5, மிச்சம் 89 நைதரசன். அதில் திருகித் திருத்த எதுவுமில்லை. மலைக்கு வேறு கலவை கேட்டே ஓடர் கொடுக்க வேண்டும். ஒட்சிசனையும் அதே கணக்கில் பார்த்தால் 6.3 வருகிறது, ஆனால் அது பி.எச். போல உயிர்ப்பிரச்சினை அல்ல. மழைக்காலத்தில் மண்சரிவால் வீதி மூடினால் லொறி வராது என்பதால் மாற்றுச் சிலிண்டர் எப்போதும் இணைப்பில் இருக்கட்டும்.

குளிருக்கு முதலில் அடிபடுவது முட்டை. வெப்பம் குறைந்தால் குரோமோசோம்களைப் பிடித்துவைக்கும் அதன் கதிர்நார்கள் குலைகின்றன. மீண்டும் சூடாக்கினாலும் எல்லாம் பழையபடி கூடும் என்ற உத்தரவாதமில்லை. சூடான மேடை 37 காட்டினாலும் முட்டை கிடக்கும் மீடியாத் துளிக்குள் 36.2 இருக்கலாம். மேடையை அல்ல, எண்ணெய்க்கு அடியில் துளிக்குள் மெல்லிய வெப்பமின்னிணைக் கம்பியை வைத்து அளந்து, அது 37 ஆகும்வரை மேடையை உயர்த்துங்கள். அறை 17 பாகையில் இருந்த காலையில் செய்த அளவீடு 24 பாகை மதியத்துக்குப் பொருந்தாது.

அறையைச் சூடாக்கினால் அடுத்த வில்லங்கம். வெளியே மூடுபனியாகவே இருக்கட்டும், 10 பாகை ஈரக் காற்றை 24க்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதன் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். 20 மைக்ரோலீற்றர் துளி எண்ணெய் இல்லாமல் ஒரு நிமிடம் கிடந்தாலே ஆவியாகி உப்புச் செறிவு ஏறும். அந்தச் செறிவைக் காட்டும் ஒஸ்மோலாலிட்டி 265 அளவில் தொடங்கும், அது 300ஐத் தாண்டினால் கரு தடுமாறத் தொடங்கும். சூடற்ற மேசையில், விசிறி நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒரு டிஷ் மட்டும் செய்து உடனே எண்ணெய் ஊற்றுவதே வழி. துளியை 30 ஆக்குவதும் உதவும்.

அறையைச் சூடாக்க மண்ணெண்ணெய் ஹீட்டர் கூடவே கூடாது. காற்று உள்ளே இழுக்கும் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள்: தேயிலைத் தொழிற்சாலையின் விறகுப் புகை, லீக்ஸ் பாத்திக்கு அடிக்கும் மருந்து, கரண்ட் போனதும் இரையும் ஜெனரேட்டரின் புகை. ஹெப்பா வடிகட்டி தூசியைத்தான் பிடிக்கும். வாயுவாக வருவதைப் பிடிக்கக் கரி வடிகட்டி தனியாக வேண்டும், அதையும் காலக்கெடு எழுதி மாற்ற வேண்டும்.