ஆயா படித்த கல்

அரூர் பக்கத்துச் சிவன் மலையான தீர்த்தமலைக்குக் கூட்டிப் போ என்று ஆயா ரெண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆடி மாதம் கிளம்பினோம். பஸ் ஏறும் முன் தருமபுரி அகழ்வைப்பகத்தில் ஒரு கல்லைக் காட்ட ஆசைப்பட்டேன்.

13ஆம் நூற்றாண்டு மைல்கல் அது. ‘அதியமான் பெருவழி, நாவற்றாவளத்துக்குக் காதம் 29’ என்று வெட்டியிருக்கிறது. நாவற்றாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் தூரம் என்று அர்த்தம்; காதம் அந்தக் காலத்துத் தூர அளவு. அதன் கீழே குழிகள். ஆயாவுக்கு எழுத்து தெரியாது. விரலை நீட்டி எண்ணினார். “பெருசு ரெண்டு, சிறுசு ஒம்போது.” பெரிய குழி ஒன்றுக்குப் பத்து என்றேன். “அப்போ இருவத்தொம்போது!” என்றார். படிக்காதவர்களுக்காகவே அந்தக் குழிகளை வெட்டினார்கள் என்றதும் கல்லைப் பார்த்துக் கைகூப்பினார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மொரப்பூர் வழியாக அரூர், அங்கே பஸ் மாறி அனுமன்தீர்த்தம். அந்தக் காலத்தில் மாட்டுவண்டி கட்டிப் போன வழியாம். அரூரிலிருந்து போகும் அந்தச் சாலை இப்போது தேசிய நெடுஞ்சாலை 179ஏ. தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டினால் கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 வரை எல்லாம் எங்கள் தருமபுரிதான்.

ராமர் பூஜைக்குத் தீர்த்தம் கொண்டுவரப் போன அனுமன் வரத் தாமதமானதால், ராமர் மலையில் அம்பு விட்டு ஊற்று வரவழைத்தார். வருத்தத்தில் அனுமன் வீசிய கலசம் விழுந்த இடம்தான் அனுமன்தீர்த்தம். அதனால் முதலில் இங்கே முழுக்கு, அப்புறம்தான் மலை. ஆயா இந்த வரிசையை மாற்ற விடவே மாட்டார்.

தீர்த்தமலைப் படிகளில் பத்துப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தார். மேலே பாறையிலிருந்து ராமர் தீர்த்தம் கொட்டுகிறது. தலையில் விழுந்த கணம் ஆயா “அப்பா, தீர்த்தகிரீசா!” என்று கத்திவிட்டார். குமாரர், கௌரி, அகத்தியர், அக்னி தீர்த்தங்களையும் விடவில்லை. அருணகிரிநாதர் பாடிய மலை இது. வடிவாம்பிகை சன்னதியில் ரொம்ப நேரம் நின்றார். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, கடந்துபோன ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லையும் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். நானும் படித்துச் சொன்னேன்.

“குழி போட்டிருந்தா நானே படிச்சிருப்பேன் கண்ணு.”