முதன்முதலாக சாக்கெட் செட் வாங்கப் போகிறவருக்கு

என் மாமா பையன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். கையில் ஒரு ஸ்ப்ளெண்டர் இருக்கிறது. ஊருக்கு வந்தால் மாமாவின் வேகன் ஆரையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். "அக்கா, ஆன்லைன்ல 108 பீஸ் செட்டு ஆஃபர்ல போட்டிருக்கான், வாங்கிடட்டுமா?" என்று படத்தோடு கேட்டிருந்தான். வேண்டாம் என்று மட்டும் உடனே பதில் போட்டேன். ஏன் வேண்டாம், எதை வாங்கலாம் என்பதைப் போனில் சொன்னால் பாதி நினைவில் நிற்காது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். அவனைப் போல முதல் தடவை வாங்குகிற வேறு யாருக்காவது பயன்பட்டாலும் சந்தோஷம்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட்டு செய்கிற கம்பெனி ஒன்றில் குவாலிட்டியில் இருக்கிறேன். நாள் முழுக்கக் கையில் அளவெடுக்கிற வெர்னியர்தான். சாக்கெட்டை, அதாவது போல்ட்டின் தலைமேல் மாட்டித் திருப்புகிற குழாய் மாதிரியான கருவியை, எடுத்தால் மேல்பூச்சின் பளபளப்பை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் அறுகோணத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ஏனென்றால் நல்ல சாக்கெட்டின் வேலையே போல்ட்டின் தலையைக் காப்பாற்றுவதுதான். சாக்கெட் பிளந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். இன்ஜின் கேஸில் இறுகிக் கிடக்கும் போல்ட்டின் தலை மூலை மழுங்கி உருண்டுவிட்டால், வெல்டிங் வைத்து எடுக்க வேண்டும், அல்லது துளை போட்டு எடுக்க வேண்டும். சாக்கெட்டில் மிச்சம் பிடித்த பணம் அங்கேயே போய்விடும்.

பத்தாம் நம்பர் போல்ட்டையே எடுத்துக்கொள்வோம். மெக்கானிக் "பத்து" என்று சொல்வது தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே உள்ள அளவு. உள்ளே போகும் மரையின் விட்டம் 6 மி.மீ. அந்தத் தலை 10.00 மி.மீ.யைத் தாண்டக் கூடாது, 9.78 வரை குறையலாம் என்பது சர்வதேச தரநிலை. ஆக, போல்ட் பக்கமே சுமார் கால் மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்தாகிவிட்டது. சாக்கெட்டின் துளை பத்தைவிடத் துளி பெரிதாக இருந்தால்தான் தலை உள்ளே போகும். அந்தத் துளி எவ்வளவு என்பதில்தான் நல்ல கம்பெனிக்கும் மட்டமான கம்பெனிக்கும் வித்தியாசம். ஆட்டம் கூடினால் சாக்கெட்டின் சுவர் தலையின் தட்டைப் பக்கத்தில் படியாமல் மூலையில் மட்டும் போய் உட்காரும். மூலையில் விழுகிற விசை, மூலையை மழுக்கிவிடும். நல்ல சாக்கெட்டின் உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள்: மூலைகள் கொஞ்சம் உள்வாங்கி, வளைவாகக் குடையப்பட்டிருக்கும். விசை மூலையை விட்டு விலகி, தட்டைப் பக்கத்தில் விழட்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள்.

கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு பத்தாம் நம்பர் போல்ட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். புதிதாக, தலை மழுங்காததாக இருக்க வேண்டும். சாக்கெட்டில் போட்டு விரலால் இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். சாக்கெட் அசையாமல் போல்ட் மட்டும் எவ்வளவு தூரம் திரும்புகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அதே போல்ட்டை அதே கடையில் இன்னொரு கம்பெனி சாக்கெட்டில் போட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். எந்தக் கடைக்காரரும் இதற்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது, சாக்கெட்டின் உள்ளே ஆறு முனையா, பன்னிரண்டு முனையா. கடையில் ஹெக்ஸ், பை ஹெக்ஸ் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பன்னிரண்டு முனையில் 30 டிகிரிக்கு ஒரு தடவை போல்ட்டில் மாட்டலாம், ஆறு முனையில் 60 டிகிரிக்கு ஒரு தடவைதான். ரிங் ஸ்பேனரில் அந்த வசதி நிச்சயம் வேண்டும், கையை நகர்த்த இடமே இல்லாத மூலைகளில் அதுதான் உதவும். ஆனால் சாக்கெட்டைத் திருப்புவது ராட்செட், அதாவது ஒரு பக்கம் பிடித்துத் திருப்பி மறுபக்கம் சும்மா சுற்றுகிற கைப்பிடி. ஒரு தடவை மாட்டினால் கழற்றி முடியும்வரை எடுக்கத் தேவையில்லை. பிறகு பன்னிரண்டு முனை எதற்கு? ஆறு முனையில் பிடிக்கிற பரப்பு அதிகம். துருப்பிடித்த, ஏற்கெனவே கொஞ்சம் மழுங்கிய தலையைக்கூட அது விடாது. முதல் செட் ஹெக்ஸாகவே இருக்கட்டும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

இனி டிரைவ் அளவு, அதாவது ராட்செட்டின் சதுர முனை. மி.மீ. சாக்கெட்டாக இருந்தாலும் இந்தச் சதுரம் மட்டும் இஞ்சில்தான் இருக்கும்: கால் இஞ்ச், 3/8 இஞ்ச், அரை இஞ்ச். நம் ஊர்க் கடையில் சாக்கெட் செட் என்று கேட்டால் அரை இஞ்ச்தான் முதலில் மேஜைக்கு வரும். லாரி, டிராக்டர் வேலைக்கு அது சரி. ஸ்ப்ளெண்டருக்கு அது அதிகம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். அரை இஞ்ச் ராட்செட்டின் கைப்பிடி ஏறக்குறைய 250 மி.மீ. நீளம். அதன் முனையில் பத்து கிலோ அளவுக்கு அழுத்தினால், அதாவது பெரிதாக முயற்சி செய்யாமலே, போல்ட்டில் சுமார் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு விழும். பத்தாம் நம்பர் தலை வைத்த போல்ட்டுக்கு வழக்கமாகத் தேவைப்படுவது 10தான். இன்ஜின் கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு. இரண்டில் அலுமினிய மரைதான் முதலில் உரிந்துகொண்டு வரும். கைப்பிடி நீளமாக இருக்கும்போது எங்கே நிறுத்துவது என்று புதுக்கைக்குத் தெரியாது. 3/8 இஞ்ச் ராட்செட் கைக்கு அடக்கமாக இருக்கும், சாக்கெட்டின் சுற்றளவும் குறைவு, இடுக்கில் நுழையும். கார் வீல் நட்டுக்கு அரை இஞ்ச் வேண்டுமே என்றால், ஸ்டெப்னியோடு வந்த வீல் ஸ்பேனர் அதற்கு இருக்கிறது. அரை இஞ்சைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

அளவுகள் விஷயத்தில் 108 பீஸ் ஆசை வேண்டாம். அந்தப் பெட்டிகளில் நிறைய இருப்பது ஸ்குரூ டிரைவர் பிட்டும் ஆலன் பிட்டும்தான். சிலவற்றில் இஞ்ச் அளவு சாக்கெட்டுகளும் கலந்திருக்கும், நம் வண்டிகளில் அவை பெரும்பாலும் சரியாக உட்காராது. ஹோண்டா வழி வந்த ஸ்ப்ளெண்டரிலும், சுசூகி வழி வந்த வேகன் ஆரிலும் ஜப்பான் தரநிலை: 8, 10, 12, 14, 17, 19. இந்த ஆறும் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். இதோடு 13 ஒன்று கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். 8 மி.மீ. மரை போல்ட்டுக்கு ஜப்பான் வண்டிகளில் தலை 12 இருக்கும். ஹார்டுவேர் கடையில் நீங்களே வாங்குகிற 8 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 13. வண்டி கைமாறிக் கைமாறி வந்ததாக இருந்தால் இரண்டும் கலந்துதான் இருக்கும். 12 தலையில் 13 சாக்கெட்டை மாட்டித் திருப்பினால் அன்றோடு அந்தத் தலை போயிற்று. வோக்ஸ்வேகன், ஸ்கோடா வைத்திருப்பவர்கள் 16, 18 இரண்டையும் சேர்க்க வேண்டும். பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்குக் கதையே வேறு, அதில் பிரிட்டிஷ் அளவுகள் வரும்.

ஸ்பார்க் பிளக்குக்கு 16 மி.மீ. நீள சாக்கெட் ஒன்று. உள்ளே ரப்பரோ காந்தமோ இருந்து பிளக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பிளக் நழுவி விழுந்து பீங்கான் கீறிவிடும். ராட்செட்டுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே மாட்டுகிற எக்ஸ்டென்ஷன் ராடு 75 மி.மீ.யில் ஒன்று, 150 மி.மீ.யில் ஒன்று போதும்.

ராட்செட்டுக்கு மட்டும் கொஞ்சம் கூடவே செலவு செய்யுங்கள், தினமும் தேய்வது அதுதான். 24 பல் இருந்தால் ஒவ்வொரு பல்லுக்கும் 15 டிகிரி கையை ஆட்ட வேண்டும், 72 பல்லுக்கு 5 டிகிரி போதும். பேட்டரிக்கும் சேஸிஸுக்கும் நடுவே கையை நுழைத்தவர்களுக்கு இந்த 10 டிகிரியின் அருமை தெரியும். ஆனால் பல் கூடக்கூட ஒவ்வொரு பல்லும் மெல்லிசாகும், மட்டமான எஃகில் 72 பல் இருந்தால் சீக்கிரம் வழுக்க ஆரம்பிக்கும். காதருகே வைத்துச் சுற்றிப் பாருங்கள். சத்தம் சீராக, ஒரே மாதிரி வர வேண்டும். இறுகிப்போன நட்டை இளக்க ராட்செட்டின் கைப்பிடியில் பைப்பை மாட்டாதீர்கள். அதற்கு பல் எதுவும் இல்லாத வெறும் நீளக் கைப்பிடி தனியாகக் கிடைக்கும்.

ராட்செட்டின் முதுகில் ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் சாக்கெட் கழன்று விழும். எண்ணெய்க் கையோடு சாக்கெட்டைப் பிடுங்கிப் பார்த்தால்தான் அந்தப் பொத்தானின் மதிப்பு புரியும். அமெரிக்காவில் சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பீட்டர் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் இப்படி ஒற்றைக் கையால் கழற்றும் ராட்செட்டை உருவாக்கி 1965இல் காப்புரிமை பெற்றார். சியர்ஸ் அவருக்குக் கொடுத்தது 10,000 டாலர். அது எத்தனை பெரிய வியாபாரம் என்பது பிறகு தெரிந்து அவர் வழக்குப் போட, அது இழுத்துக்கொண்டே போய் 1989இல்தான் 82 லட்சம் டாலரில் தீர்ந்தது. அந்தப் பொத்தானை அழுத்தும்போது அவர் நினைவு வரும் எனக்கு.

எஃகைப் பற்றி இரண்டு வார்த்தை. குரோம் வனேடியம் என்று எல்லா சாக்கெட்டிலும் பொறித்திருக்கும். அந்த எழுத்தை மட்டும் நம்பிப் பயனில்லை, அதே எஃகைச் சூடேற்றிக் குளிர்விக்கிற பக்குவத்தில்தான் உறுதி வருகிறது. அதைக் கடையில் சோதிக்க வழியில்லை. அதனால்தான் கம்பெனியின் பெயரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கறுப்பு நிற சாக்கெட்டுகள் காற்றிலோ மின்சாரத்திலோ அடித்து அடித்துத் திருப்புகிற இம்பாக்ட் கன்னுக்கானவை, சுவர் தடிமனாக இருக்கும், கை வேலைக்குத் தேவையில்லை. பளபளப்பு சாக்கெட்டைக் கன்னில் மாட்டவே கூடாது, வெடித்துத் தெறிக்கும்.

கம்பெனி என்றால், நம் நாட்டில் நாசிக்கின் தபாரியாவை நம்பி வாங்கலாம். பட்ஜெட் இடம் கொடுத்தால் ஜப்பானின் கோக்கன். சாக்கெட்டுக்கென்றே பெயர் வாங்கிய கம்பெனி, அந்த அறுகோணத்தைப் பார்த்தால் எங்கள் இன்ஸ்பெக்ஷன் மேஜையில் வைத்துக் காட்டலாம் போலிருக்கும். எதை எடுத்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுல பத்து மட்டும் தனியா கிடைக்குமா?" பத்துதான் முதலில் தொலையும், அதுதான் முதலில் தேயும். தனியாகக் கிடைக்காத செட்டில் பத்து போனால் பெட்டியே போன மாதிரி.

அதனால் தம்பி, அந்த ஆஃபரை விட்டுவிடு. 3/8 இஞ்ச், ஆறு முனை, மேலே சொன்ன ஏழு அளவு, பிளக் சாக்கெட், இரண்டு எக்ஸ்டென்ஷன், நல்ல ராட்செட் ஒன்று. பெட்டி கூட வேண்டாம், துணிப்பை போதும். முறுக்கை அளந்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச் அடுத்த போனஸில் பார்க்கலாம். நீ சென்னைக்கு வரும்போது சனிக்கிழமையாகப் பார்த்து வா, ஞாயிற்றுக்கிழமை பாரிமுனையில் கடைகள் இருக்காது. லிங்கி செட்டி தெருவில் ஆரம்பிக்கலாம். போல்ட் நான் கொண்டு வருகிறேன்.