பேங்கில் 50 லட்சம், சம்பளத்துக்குச் செயின்

கம்ப்ரசரில் காற்றுக் கசிந்தால் சொல்லிவிடும் சென்சாரை பெங்களூரு பீன்யா லேத் பட்டறைகளுக்குச் செய்து தருகிறோம். நானும் இரண்டு தம்பிகளும், அல்சூரில் ஒரு மாடி ரூம். மூன்று வருஷம் சொந்தக் காசில் ஓட்டிவிட்டு, போன வருஷம்தான் முதன்முதலாக முதலீடு கேட்டுப் போனேன்.

கொடுக்க வந்தவர் என் பழைய மேனேஜர். இந்திராநகர் தர்ஷினியில் நின்றபடி காபி குடித்துக்கொண்டே பேசி முடித்தோம்: 4 கோடி வேல்யூவேஷன், 50 லட்சம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. அந்த 4 கோடி, பணம் வருவதற்கு முந்தைய மதிப்பு என்றால் அவருக்கு 11.11 சதவீதம் பங்கு, வந்த பிறகான மதிப்பு என்றால் 12.5. ராத்திரியே போன் போட்டுக் கேட்டேன். "பிறகுதாம்மா" என்றார். பேசிப் பேசி 12க்கு வந்தோம்.

29ஆம் தேதி பணம் ஏறிய மெசேஜ் வந்தது. போனைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அழுதேன். ஒண்ணாம் தேதி சம்பளத்தைப் போட்டுவிடலாம் என்று ஆடிட்டரிடம் சொன்னேன்.

"அதுல கையே வெக்காதீங்க மேடம். உங்க பேங்க்ல இருந்தாலும் அது இன்னும் அவர் பணம்தான்."

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 42. பங்குக்கு வரும் பணத்தைத் தனிக் கணக்கில்தான் வாங்கணும். 60 நாளில் பங்கு ஒதுக்கணும், இல்லையென்றால் அடுத்த 15 நாளில் திருப்பித் தரணும். ஒதுக்கிய பிறகும், அதைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் பிஏஎஸ்-3 படிவம் தாக்கல் ஆகும்வரை ஒரு ரூபாய் எடுக்கக் கூடாது. சரியான சட்டம்தான், அவர் பேரில் பங்கு பதிவாகாமல் அவர் பணத்தை நான் செலவழிப்பது நியாயமில்லை. ஆனால் இதை யாராவது ஒரு மாசம் முன்னால் சொல்லியிருக்கலாம்.

அன்று சாயங்காலமே போர்டு தீர்மானம் எழுதிப் பங்கு ஒதுக்கினோம். படிவத்தில் கையெழுத்துப் போட யூஎஸ்பி டோக்கனைச் செருகினால், அதிலிருந்த என் டிஜிட்டல் கையெழுத்து காலாவதி. வீடியோ சரிபார்ப்பு முடிந்து புதியது கைக்கு வர நாலு நாள். நடுவில் ஒண்ணாம் தேதி. செயினை அடகு வைத்து 62,000 ரூபாய் வாங்கி, தம்பிகள் இருவருக்கும் காலையிலேயே சம்பளம் போட்டேன். அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை.

ஐந்தாம் தேதி படிவம் ஏறியது. அந்தக் கணக்கிலிருந்து முதலில் போனது 41,000 ரூபாய், எஸ்.பி. ரோடு கடைக்காரருக்கு. நாலு மாசமாக ஒரு வார்த்தை கேட்காமல் கடனுக்கு சர்க்யூட் போர்டு கொடுத்தவர்.