பதினைந்துக்கு நான்கு: அந்நிய முதலீட்டு வினாவைக் காரைக்குடியிலிருந்து எழுதிய அனுபவம்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 1 (குரூப் 1) முதன்மைத் தேர்வுக்குக் காரைக்குடியில் அறை எடுத்துத் தங்கிப் படித்த காலத்தில், வாரந்தோறும் எழுதிய மாதிரித் தேர்வுகளுள் ஒன்றில் இப்படி ஒரு வினா வந்தது: ‘உங்கள் வட்டாரத் தொழில்களுள் அந்நிய நேரடி முதலீட்டை ஈர்க்கும் தகுதி மிகுந்தவை எவை? காரணங்களுடன் விளக்குக.’ 250 சொற்கள், 15 மதிப்பெண். பிறந்து வளர்ந்த வட்டாரத்தைப் பற்றிய வினா என்பதால் மற்ற வினாக்களை விட்டுவிட்டு இதையே முதலில் எழுதினேன். கிடைத்தது 4 மதிப்பெண். திருத்தியவர் பணி ஓய்வு பெற்ற பொருளியல் பேராசிரியர். விடையின் கீழே, ‘சுற்றுலாக் கையேடு நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

திரும்பப் படித்துப் பார்த்தபோது அவர் சொன்னது சரி என்றே பட்டது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றதில் தொடங்கி, ஆத்தங்குடிக் கல் என்ற தரை ஓடு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை, கொட்டான் என்ற ஓலைக்கூடை, செட்டிநாட்டுச் சமையல் என்று அடுக்கி, ‘இவை அனைத்தும் அந்நிய முதலீட்டை ஈர்க்கும்’ என்று முடித்திருந்தேன். எதற்காக ஈர்க்கும், யாரை ஈர்க்கும், வருபவர் எதை விலைகொடுத்து வாங்குவார் என்று ஒரு வாக்கியம்கூட இல்லை. ஊரின் பெருமையையும் முதலீட்டுக்கான தகுதியையும் ஒன்றாக எண்ணியதுதான் பிழை. இந்த வகை வினாவில் சொந்த ஊரைப் பற்றி எழுதும் பலரும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள் என்பதைப் பின்னர் நண்பர்களின் விடைத்தாள்களிலும் கண்டேன்.

முதலில் சொல்லைச் சரியாகப் பிடிக்க வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட இந்திய நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டவர் 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருந்தால் அது நேரடி முதலீடு; அதற்குக் குறைந்தால் அது வெறும் பங்கு முதலீடு. பட்டியலிடப்படாத நிறுவனமாக இருந்தால் எவ்வளவு சிறிய பங்கானாலும் நேரடி முதலீடுதான். இந்த வரையறையின் உட்பொருள், உடைமையும் நிர்வாகத்தில் பங்கும் கைமாற வேண்டும் என்பதாகும். ஏற்றுமதி என்பது முற்றிலும் வேறு. இதை எனக்குப் புரியவைத்தது புத்தகம் அன்று, ஆத்தங்குடியில் கல் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணச் சாந்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, பிறகு நீரில் ஊறவைத்து எடுக்கிற அந்த வேலையில் சூளையும் இல்லை, இயந்திரமும் இல்லை, இருப்பதெல்லாம் கைப்பழக்கம். ‘வெளிநாட்டுக்காரர் கல்லை வாங்குவார் தம்பி, பட்டறையை வாங்கி என்ன செய்வார்?’ என்று அவர் கேட்டார். உற்பத்தியைப் பெருக்க முற்பட்டால் கைத்தொழில் என்ற மதிப்பு போய்விடும். பெருக்காமல் விட்டால் பெருமுதலுக்கு அங்கே வேலை இல்லை. கண்டாங்கிக்கும் கொட்டானுக்கும் இதுவே பொருந்தும். அவை ஏற்றுமதி பற்றிய விடைக்கு உரியவை. முதலீடு பற்றிய விடையில் அரை வரி போதும்.

அடுத்ததாகச் சட்டம். சீட்டு நிதி, உறுப்பினர்களிடமே வைப்பு வாங்கி அவர்களுக்கே கடன் தரும் ‘நிதி’ நிறுவனங்கள், நிலம் வாங்கி விற்கும் தொழில், புகையிலைப் பொருள் உற்பத்தி ஆகியவற்றில் அந்நிய நேரடி முதலீட்டுக்கு அனுமதி இல்லை. வேளாண்மையிலும் பொதுவாக இல்லை. கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் செய்யும் தோட்டப்பயிர், மலர்ச் சாகுபடி போன்ற சிலவற்றுக்கும், தேயிலை, காப்பி, ரப்பர் போன்ற தோட்டங்களுக்கும் மட்டுமே வழி உண்டு. ‘சிவகங்கை மாவட்ட வேளாண்மை அந்நிய முதலீட்டை ஈர்க்கும்’ என்று எழுதினால் திருத்துபவர் அங்கேயே நிறுத்திவிடுவார். அதே விளைபொருளைப் பதப்படுத்தும் ஆலைக்கோ 100 சதவீதம் தானியங்கி வழியில், அதாவது அரசின் முன் ஒப்புதல் இன்றி, வரலாம். இந்த ஒரு வேறுபாட்டை எழுதினாலே விடையின் தரம் மாறுகிறது. செட்டிநாட்டுக்கு மட்டும் முக்கியமான இன்னொரு நுணுக்கமும் உண்டு: வெளிநாடுவாழ் இந்தியர் ஒருவர், திருப்பி எடுத்துச் செல்வதில்லை என்ற அடிப்படையில் போடும் பணம் உள்நாட்டு முதலீடாகவே கருதப்படும். சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஊரில் போடும் பணத்தையெல்லாம் அந்நிய முதலீடு என்று கணக்கிட்டுவிடக் கூடாது.

விடையை மறுபடி எழுத உட்கார்ந்தபோது, வரலாற்றை எவ்வளவு எழுதலாம் என்பதில் எனக்குத் தயக்கம் இருந்தது. இந்த வட்டாரம் ஒரு காலத்தில் முதலீட்டை ஈர்த்த மண் அன்று, அனுப்பிய மண். பர்மா, மலாயா, இலங்கை என்று செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் பணம் போன இடங்கள் பல. 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. அதைவிட இந்த வினாவுக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்பா குடும்பத்தினர் 1949-இல் பிரிட்டிஷ் நிறுவனத்துடன் சேர்ந்து மிதிவண்டி ஆலையையும், 1954-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களுடன் சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தையும் தொடங்கினார்கள். வெளிநாட்டுக் கூட்டாளியை அழைத்து வந்தது செட்டிநாட்டுக் குடும்பம்; ஆலை எழுந்தது சென்னையில். துறைமுகம், உதிரிபாகம் செய்து தருவோர், பயிற்சி பெற்ற தொழிலாளர், வாங்குவோர் ஆகியவை இருக்கும் இடத்துக்கே ஆலை போகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. ஹுண்டாய் 1996-இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்ததும், வியட்நாமின் மின்கார் நிறுவனமான வின்ஃபாஸ்ட் 2024-இல் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டியதும் இதே கணக்கில்தான். காரைக்குடியிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஆகவே வாகன ஆலையும் மின்னணுப் பொருள்களைப் பொருத்தும் ஆலையும் இங்கே வரும் என்று கனவு காண்பதை விட்டுவிட்டு, வேறெங்கும் எளிதில் கிடைக்காதது இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டேன்.

அப்படிக் கேட்டபோது முதலில் நின்றது கிராஃபைட் என்ற கரிமக் கனிமம். சிவகங்கைக்கு அருகே தமிழ்நாடு கனிம நிறுவனத்தின் கிராஃபைட் சுரங்கமும், தாதுவை அரைத்து நுரையில் மிதக்கவிட்டுக் கிராஃபைட்டைப் பிரிக்கும் ஆலையும் உள்ளன. பிரித்தெடுத்தது நெடுங்காலமாக உலைச் செங்கல்லுக்கும் உலோகம் உருக்கும் மூசைக்கும் போய்க்கொண்டிருந்தது. லித்தியம் அயனி மின்கலத்தின் எதிர்மின்முனைக்கும் மூலப்பொருள் இதுவே. உலகில் மின்கலத் தரத்துக்குச் சுத்திகரிக்கப்படும் கிராஃபைட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனாவில் நடக்கிறது. அந்த நாடு 2023 டிசம்பரில் கிராஃபைட் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதே ஆண்டில் இந்தியா வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலிலும் கிராஃபைட் இருக்கிறது. சீனாவை மட்டும் நம்பியிருக்க விரும்பாத கொரிய, ஜப்பானிய மின்கல நிறுவனங்களுக்கு மாற்று இடம் தேவைப்படும் என்பதே இங்கே வாதத்தின் மையம்.

ஆனால் தாது இருப்பதால் மட்டும் ஆலை வந்துவிடாது. மின்கலத்துக்கு 99.95 சதவீதத் தூய்மை வேண்டும், துகள்களை உருண்டையாக்கவும் வேண்டும். அந்தத் தொழில்நுட்பம்தான் விலைமதிப்புள்ளது. இந்த இடத்தில் காரைக்குடியின் இரண்டாவது சொத்தை இணைக்க வேண்டும். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இங்கே வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்டது. ஊரில் எல்லோருக்கும் அது ‘சிக்ரி’. மின்கலம், அரிமானத் தடுப்பு, மின்முலாம் ஆகியவையே அதன் வேலை. 2018-இல் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு லித்தியம் அயனி மின்கலத் தொழில்நுட்பத்தை வழங்க அது ஒப்பந்தம் செய்துகொண்டபோது, ஆலைக்குக் குறிக்கப்பட்ட இடம் கிருஷ்ணகிரி மாவட்டம். முருகப்பா கதையின் மறுபதிப்பு! அறிவு இங்கே, ஆலை அங்கே. இந்த எதிர்வாதத்தை மறைக்காமல் எழுதி, மின்கலம் கோக்கும் ஆலை வாங்குவோருக்கு அருகே போகும், கனிமத்தைச் சுத்திகரிக்கும் ஆலைக்கோ சுரங்கத்துக்கும் ஆய்வகத்துக்கும் அருகே இருப்பதில் பொருள் உண்டு என்று பிரித்துக் காட்டினேன். சுரங்கம் அரசு நிறுவனத்திடம் இருப்பதால் வெளிநாட்டவர் வரக்கூடிய வழி சுத்திகரிப்பில் கூட்டு முயற்சிதான் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தேன்.

இரண்டாவதாக வீடுகள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை, கோட்டையூர் என்று ஊர் ஊராகப் பூட்டிக் கிடக்கும் வளவு வீடுகளை, அதாவது முற்றத்தைச் சுற்றிக் கட்டிய பெரிய நகரத்தார் வீடுகளைப் பற்றி எழுதாமல் செட்டிநாடு பற்றிய விடை முடியாது. எழுதும் முறைதான் மாற வேண்டும். பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பற்றிய வருணனை இங்கே தேவையில்லை. விடுதித் தொழிலில் 100 சதவீத அந்நிய முதலீடு தானியங்கி வழியில் அனுமதிக்கப்படுகிறது; திருச்சி, மதுரை ஆகிய இரு விமான நிலையங்களும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன; திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானம் உண்டு; கொத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் பழைய வீடு ஒன்றைப் புதுப்பித்து விடுதியாக நடத்திக் காட்டிய முன்மாதிரியும் இருக்கிறது. தடையாக இருப்பது உரிமை. ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் பினாங்கில், ஒருவர் கையெழுத்துப் போட மனமில்லாமல் இதே தெருவில். முகப்பு ஒருவருக்கும் இரண்டாங்கட்டு இன்னொருவருக்கும் என்று பிரிந்த வீட்டைத் தெளிவான பத்திரத்துடன் வாங்கவோ நீண்ட காலக் குத்தகைக்கு எடுக்கவோ எந்த முதலீட்டாளரும் எளிதில் துணியமாட்டார். முடிவு எட்டும்வரை காத்திருக்கும் வீட்டின் கதவும் தூணும் தனித்தனியாக விலைபோய்விடுகின்றன. என் பாட்டி வீட்டுத் தெருவில் நான் பள்ளிக்குப் போன காலத்தில் இருந்த வீடுகளுள் இரண்டு இன்று வெறும் மனை. பங்காளிகள் சேர்ந்து ஒரு நிறுவனம் அமைத்து, வீட்டைப் பங்குகளாக மாற்றி, வெளியாருக்கு ஒரு பங்கைக் கொடுப்பது நடைமுறைக்கு ஏற்ற தீர்வு என்று நான் எழுதினேன். முதல் விடையில் இல்லாத எனது சொந்தக் கருத்து இது ஒன்றுதான். அதற்குத் தனியாக மதிப்பெண் கிடைத்தது என்று பேராசிரியர் பின்னர் சொன்னார்.

மூன்றாவது மசாலாவும் மிளகாயும். சிவகங்கையில் நறுமணப் பொருள் வாரியத்தின் தொழிற்பூங்கா இருக்கிறது. பக்கத்து மாவட்டத்து ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஐரோப்பிய நாடுகள் பூச்சிமருந்து எச்சத்துக்கும் அஃபுளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சுக்கும் வைத்திருக்கும் வரம்பை எட்ட, உலர்த்தும் களம் முதல் கிடங்குவரை முறை மாற வேண்டும். அந்த மாற்றத்துக்குத்தான் முதலீடு தேவைப்படுகிறது. சூரிய மின்சாரத்தையும் தகவல் தொழில்நுட்பத்தையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிட்டேன். முன்னதற்கு வெயில் போதும், வேலைவாய்ப்பு குறைவு. பின்னதற்குச் செட்டிநாடு மட்டுமே தரக்கூடியது என்று எதுவும் இல்லை.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் பயிற்சி செய்த அமைப்பில் பத்து மதிப்பெண் வினாக்கள் பத்தும் பதினைந்து மதிப்பெண் வினாக்கள் பத்தும் மூன்று மணி நேரத்தில் எழுத வேண்டும். முன்னதற்கு 7 நிமிடம், பின்னதற்கு 11 நிமிடம் என்று வைத்தால் கணக்குச் சரியாக 180-இல் முடியும். யோசிக்கத் தனி நேரம் கிடையாது. ஆகவே மாவட்டம் பற்றிய செய்திகளை முன்கூட்டியே ஒரே தாளில் எழுதி, ஒவ்வொரு தொழிலுக்கும் நேராக நான்கு கேள்விகளுக்கான விடையைக் குறித்துவைத்தேன்: சட்டம் அனுமதிக்கிறதா, வேறிடத்தில் கிடைக்காதது எது, பெருக்க முடியுமா, தடை என்ன. 250 சொற்களில் ஏறத்தாழ நூறு கிராஃபைட்டுக்கும் சிக்ரிக்கும், எண்பது வீடுகளுக்கும், எஞ்சியவை மற்றவற்றுக்கும் போயின. எல்லாத் தொழிலுக்கும் சமமாகப் பங்கிட்டால், வினா கேட்கும் ‘தகுதி மிகுந்தவை எவை’ என்பதற்கு விடை சொல்லாமலே முடித்ததாகிவிடும்.

இரண்டாம் முறை எழுதிக் கொடுத்தபோது 15-க்கு 9½ வந்தது. கிராஃபைட் பத்தியின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘தண்ணீர்?’ என்று ஒரே சொல். கண்மாயை நம்பி வாழும் வறண்ட மாவட்டத்தில், ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இட்டு அலசிச் சுத்திகரிக்கும் ஆலைக்கு நீர் எங்கிருந்து வரும், கழிவு எந்தக் கண்மாயில் சேரும் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. அமிலம் இல்லாமல் மிகுந்த வெப்பத்தால் சுத்திகரிக்கும் முறை ஒன்று உண்டு, அதற்கு மின்சாரச் செலவு அதிகம் என்பதை அந்த வாரம் நூலகத்தில் தேடிப் படித்தேன். மூன்றாம் முறை எழுதியபோது அதைச் சேர்க்க இடம் வேண்டியிருந்ததால் ஒரு வாக்கியத்தை நீக்க நேர்ந்தது. அதுவரை விட மனமில்லாமல் வைத்திருந்த கண்டாங்கிச் சேலை வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.