பல்ப் போகவில்லை, எர்த் போயிருக்கிறது

வடசென்னையின் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ராத்திரி போய் வருகிறவர்களுக்கு இது புதிதல்ல. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் ஓரமாக வரிசை கட்டி நிற்கும். பல வண்டிகளில் பின்னால் ஒரு பொட்டு வெளிச்சம் இருக்காது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் ஒரு நொடியில் 11 மீட்டர் தாண்டுகிறது. எதிரே ஒருவர் ஹை பீமில் வந்து கண் கூசினால், பார்வை திரும்ப மூன்று நொடி ஆனாலும் முப்பது மீட்டருக்கு மேல் இருட்டுக்குள்தான் போகிறோம்.

கேட்டால் "பல்ப் போயிடுச்சு" என்பார்கள். பல்பைக் கழற்றிப் பார்த்தால் ஃபிலமென்ட் அப்படியே இருக்கும். போனது எர்த்.

பல்புக்குக் கரண்ட் ஒயரில் வருகிறது. திரும்பிப் போவது சேசிஸ், அதாவது வண்டியின் இரும்புச் சட்டம் வழியாக. இந்தத் திரும்பும் வழிதான் எர்த். எர்த் ஒயரைப் பிடித்திருக்கும் போல்ட்டில் உப்புக் காற்று துரு ஏற்றிவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகும். அப்போது கரண்ட் பக்கத்து பல்பின் ஃபிலமென்ட்டுக்குள் புகுந்து வெளியேறப் பார்க்கும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிவது, இண்டிகேட்டர் போட்டால் டெயில் லாம்ப்பும் சேர்ந்து துடிப்பது எல்லாம் இதனால்தான். இப்படித் தெரிந்தால் பல்ப் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். ஒரு ஒயர்த் துண்டை எடுத்து ஒரு முனையைத் துரு இல்லாத சேசிஸ் இரும்பில் அழுத்தி, மறுமுனையை லாம்ப்பின் எர்த்தில் வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. போல்ட்டைக் கழற்றி, அது உட்காரும் இடத்தையும் ஒயர் முனையில் இருக்கும் வளையத்தையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினால் போதும். பத்து நிமிட வேலை. கடலோரம் ஓடும் வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

ட்ரெய்லரில் அடுத்த சந்தேகம், முன்வண்டியிலிருந்து ட்ரெய்லர் விளக்குகளுக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஏழு பின் பிளக். பின் எண் அதன் மேலேயே பொறித்திருக்கும். 1 எர்த், 2 இடது டெயில், 3 இடது இண்டிகேட்டர், 4 பிரேக், 5 வலது இண்டிகேட்டர், 6 வலது டெயில். ஒயர் நிறத்தை நம்ப வேண்டாம், கைக்குக் கிடைத்த ஒயரைப் போட்டு மாற்றியிருப்பார்கள். எண்ணைப் பாருங்கள். சாக்கெட் மூடியின் ஸ்பிரிங் உடைந்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே போய்ப் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். பின்னின் நடுவே கீறல் விட்டிருப்பார்கள். பிடிப்பு தளர்ந்திருந்தால் கத்தி முனையால் அந்தக் கீறலை ஒரு மயிரிழை விரித்தால் மறுபடி இறுகும். முன்வண்டி ஒருவருடையது, ட்ரெய்லர் இன்னொருவருடையது என்னும்போது இந்தப் பிளக்கை யாரும் தன் பொறுப்பாக நினைப்பதில்லை. அதுதான் வேதனை.

காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் மினி லாரிகளில் ஐஸ் தண்ணீர் உப்போடு வடிந்து பின் லாம்ப் ஹோல்டரை அரித்துவிடும். அதில் இருப்பது இரட்டை ஃபிலமென்ட் பல்ப்: டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். திருப்பிப் போட்டுவிடக் கூடாது என்றுதான் பக்கவாட்டுக் குமிழ்கள் இரண்டையும் ஏற்ற இறக்கமாக வைத்திருக்கிறார்கள். துருப்பிடித்த ஹோல்டரில் அதைத் திருப்பி அமுக்கிப் போட்டால் டெயில் எப்போதும் பிரேக் போலப் பளீரென எரியும். பிரேக் பிடித்தாலும் பின்னால் வருகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை துடிக்க வேண்டும். திடீரென்று படபடவென அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்ப் போயிருக்கலாம்.

இரண்டு பக்க இண்டிகேட்டரும் சேர்ந்து துடிக்கும் ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு சந்திப்பை நேராகக் கடப்பவர்கள் மூலக்கடையிலும் உண்டு, மணலியிலும் உண்டு. குறுக்குச் சாலையில் இடப்பக்கம் நிற்பவருக்கு உங்கள் இடது விளக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் இடதுபக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று நம்பி அவர் வண்டியை எடுப்பார். நேராகப் போக எந்த விளக்கும் வேண்டாம்.

ஹெட்லைட்டில் 60/55 வாட்டுக்குப் (முதல் எண் ஹை பீம், அடுத்தது டிம்) பதில் 100/90 போடுகிறார்கள். 12 வோல்ட்டில் ஹை பீமுக்கு 5 ஆம்பியர் ஓடிய ஒயரில் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். முதலில் உருகுவது ஹோல்டர். ஹாலஜனுக்கான கிண்ணத்தில் எல்.இ.டி.யைச் செருகினால் ஒளி கிளம்பும் இடம் மாறி, வெளிச்சம் எதிரே வருபவர் முகத்தில் சிதறும். சுவருக்கு 10 மீட்டர் தள்ளிச் சமதரையில் நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு லாம்ப்பின் மைய உயரத்துக்கு 10 சென்டிமீட்டராவது கீழே விழ வேண்டும். பைக் என்றால் ஆள் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

வரிசையில் நிற்கும்போது பேட்டரி இறங்கிவிடும் என்று பார்க்கிங் விளக்கை அணைக்கிறார்கள். 5 வாட் பல்ப் பத்து எரிந்தாலும் 24 வோல்ட்டில் 2 ஆம்பியர் சொச்சம்தான். எட்டு மணி நேரம் எரிந்தால் 17 ஆம்பியர்-மணி. நல்ல பேட்டரி வைத்திருக்கும் லாரி அதற்குப் பிறகும் ஸ்டார்ட் ஆகும்.

பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டியிருக்கும். அதற்குக் கரண்டே வேண்டாம். ஆனால் மணலிச் சாலையின் புழுதி படிந்தால் அது வெறும் தகடு. ட்ரெய்லர் கதவைப் பூட்டும்போதே ஈரத் துணியால் ஒரு துடை துடைத்துவிடுங்கள்.